ஆட்டு வாயும் குருவிக் கூடும்

இருநூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு ஆகஸ்ட் மாதம். இங்கிலாந்தின் தென்கரையில், சசெக்ஸ் பகுதிக் குன்று ஒன்றின்மேல் நடந்துபோகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மரம் கிடையாது. காலுக்குக் கீழே விரலளவுகூட உயராத புல். தூரத்தில் கடல். வழியில் அங்கங்கே புல்தரையை ‘டி’ எழுத்து வடிவத்தில் வெட்டி, வெட்டியெடுத்த புல்கட்டியை அந்தக் குழியின் மேலேயே கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். உள்ளே குதிரைமுடியில் திரித்த சுருக்கு. எட்டிப் பார்த்தால் ஒன்றில் ஒரு சின்னப் பறவை மாட்டியிருக்கிறது.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு அது வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளலாம். யாரும் திருடன் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் ஊர் வழக்கம் ஒன்று உண்டு. பறவை இருந்த இடத்தில் ஒரு பென்னி காசை வைத்துவிட்டுப் போகவேண்டும். பொறியை வைத்த ஆட்டிடையர் வந்து பார்க்கும்போது பறவைக்குப் பதிலாகக் காசு இருக்கும். கணக்கு சரி.

அந்தப் பறவையின் பெயர் வீட்டியர். சாம்பல் முதுகு, கண்ணோரம் கறுப்புப் பட்டை, பறக்கும்போது பளிச்சென்று தெரியும் வெள்ளைப் பின்புறம். பெயரைக் கேட்டால் கோதுமையும் காதும் சேர்ந்த மாதிரி இருக்கும். உண்மையில் அதற்கும் கோதுமைக்கும் சம்பந்தமே இல்லை. பழைய ஆங்கிலத்தில் ‘வெள்ளைப் பிட்டம்’ என்று பச்சையாக வைத்த பெயர், வாய்க்கு வாய் மாறி நாகரிகமாகிவிட்டது, அவ்வளவுதான்.

இந்தப் பறவைக்கு ஒரு பலவீனம். மேகத்தின் நிழல் தரையில் ஓடிவந்தால்கூடப் பயந்து, பக்கத்தில் கிடைக்கும் பொந்துக்குள் நுழைந்துவிடும். இடையர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. ஜூலைக் கடைசியிலிருந்து செப்டம்பர் நடு வரைக்கும் பொறி வைப்பார்கள். பிடிபட்டவை பிரைட்டன், ஈஸ்ட்போர்ன், டன்பிரிட்ஜ் வெல்ஸ் மாதிரியான ஊர்களில் ஓய்வெடுக்க வந்த சீமான்களின் சாப்பாட்டு மேசைக்குப் போகும். 18ஆம் நூற்றாண்டின் இயற்கையியலாளர் தாமஸ் பென்னன்ட், ஈஸ்ட்போர்ன் வட்டாரத்தில் மட்டும் வருஷத்துக்கு 1,840 டஜன் பிடிபடுவதாக எழுதிவைத்திருக்கிறார். பெருக்கிப் பாருங்கள், 22,080 பறவைகள்.

இன்று அந்தக் குன்றுகளில் கூடு கட்டும் வீட்டியரைப் பார்ப்பது அபூர்வம். வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் வழிப்போக்கனாக வந்து தங்கிவிட்டுப் போகும். குஞ்சு பொரித்து வளர்க்கும் இடமாக அந்தக் குன்று அதற்கு இல்லாமல் போய்விட்டது.

‘இவ்வளவு பிடிச்சுத் தின்னா எப்படி இருக்கும்?’ என்று உடனே தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் இந்தக் கதையைத் தோண்டத் தோண்ட வேறு ஒன்று வெளியே வந்தது. பறவையைப் பிடித்து விற்ற அதே இடையர்தான், தனக்கே தெரியாமல், அந்தப் பறவை குடியிருக்கும் வீட்டையும் பராமரித்துக்கொண்டிருந்தார். அவர் பொறி வைப்பதை நிறுத்தினார், பறவைக்கு ஆபத்து குறைந்தது. பிறகு அவர் குன்றைவிட்டே போனார், பறவைக்கு வீடு போனது.

*

முதலில் அந்தக் குன்றைப் பற்றிச் சொல்லவேண்டும். நாம் பள்ளிக்கூடத்தில் சாக்பீஸ் என்று சொல்வதற்குப் பழைய தமிழ்ப் பெயர் சீமைச்சுண்ணாம்பு. இது நிஜமாகவே சீமையின் சுண்ணாம்புதான். டைனோசர்கள் வாழ்ந்த கடைசிக் காலகட்டத்தில் இந்த நிலமெல்லாம் கடலுக்கு அடியில் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத கடல் பாசிகளின் ஓடுகள் கோடிக்கணக்கான வருஷம் படிந்து படிந்து இறுகிய வெள்ளைப் பாறை அது. பின்னால் நிலம் எழும்பிக் குன்றானது. சசெக்ஸில் சவுத் டவுன்ஸ், வில்ட்ஷயரில் சாலிஸ்பரி சமவெளி, லண்டனுக்கு வடமேற்கே சில்டர்ன்ஸ் எல்லாம் இந்த ஒரே வெள்ளைப் பாறையின் பகுதிகள். ‘டவுன்’ என்றால் இறக்கம்தானே, மேட்டுக்கு ஏன் அந்தப் பெயர் என்று கேட்கலாம். பழைய ஆங்கிலத்தில் ‘டூன்’ என்றால் குன்று. அந்தச் சொல்தான் இப்படி நிற்கிறது.

சீமைச்சுண்ணாம்பில் மழை பெய்தால் தண்ணீர் நிற்காது, சல்லடை மாதிரி இறங்கிவிடும். மேலே ஒரு சாண் மண் இருந்தாலே அதிகம். சத்தும் குறைவு. ஆனாலும் சும்மா விட்டால் அந்த மண்ணிலும் புதர் வரும், பிறகு மரம் வரும், கடைசியில் காடாகிவிடும். ஒரு காலத்தில் காடு இருந்த இடம்தான். புதிய கற்காலத்திலிருந்து மனிதர்கள் மரத்தை வெட்டி, ஆட்டையும் மாட்டையும் மேய்த்துத்தான் அது புல்வெளியானது. பல ஆயிரம் வருஷம் ஆடு வாயை எடுக்காததால் அது புல்வெளியாகவே இருந்தது.

இதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. பகலில் ஆடுகள் குன்றின்மேல் மேயும். இரவில் அவற்றை அடிவாரத்து வயலுக்கு ஓட்டிக்கொண்டு வந்து, நகர்த்தக்கூடிய தட்டிகளை வைத்து அடைப்பார்கள். ராத்திரி முழுக்கப் போடும் புழுக்கை, மூத்திரம் எல்லாம் வயலுக்கு உரம். அடுத்த நாள் தட்டியை நகர்த்திப் பக்கத்துத் துண்டில் அடைப்பார்கள். நம்மூரில் கிடை போடுவது என்று சொல்வோமே, அச்சு அசல் அதேதான். ராமநாதபுரத்துக் கீதாரி ஒருவரைக் கொண்டுபோய் அங்கே விட்டிருந்தால், பாஷை தெரியாமலேயே மறுநாள் வேலைக்கு இறங்கியிருப்பார்.

இந்தக் கிடையின் விளைவை யோசித்துப் பாருங்கள். குன்றின் சத்து ஆட்டின் வயிற்றில் ஏறி, நாள்தோறும் கீழே இறங்கி வயலுக்குப் போகிறது. நூற்றாண்டுக் கணக்கில் இப்படி. வயல் கொழுக்கக் கொழுக்கக் குன்று மெலிந்தது. மெலிந்த மண்ணில் எந்த ஒரு புல்லும் ரௌடி மாதிரி வளர்ந்து மற்றதை அமுக்க முடியாது. அதனால் எல்லோருக்கும் கொஞ்சம் இடம் கிடைத்தது. நல்ல சுண்ணாம்புப் புல்வெளியில் ஒரு சதுர மீட்டரில் 40 வகைச் செடி வரை எண்ணியிருக்கிறார்கள். செடி வகை கூடினால் பூச்சி வகை கூடும். பூச்சி இருந்தால் பறவை வரும்.

அப்படி வந்து கூடு வைத்த பறவைகளின் பட்டியலைப் பார்த்தால், அது ஆடு எங்கே எவ்வளவு மேய்ந்தது என்பதன் பதிவேடு மாதிரி இருக்கும். மொட்டையாக மேய்ந்த இடத்தில், முயல் தோண்டிய பழைய வளைக்குள் வீட்டியர். சக்கிமுக்கிக் கற்கள் இறைந்து கிடக்கும் வெறுந்தரையில், நம் கண்கிலேடியின் நெருங்கிய உறவான கல்-கர்லூ. கொஞ்சம் புல் நின்ற இடத்தில் வானம்பாடியும் நெட்டைக்காலியும். உழுத வயலோரம் ஆள்காட்டி இனத்து லாப்விங். எல்லாவற்றுக்கும் மேல், நாலா பக்கமும் தடையில்லாமல் பார்வை போகும் பரந்த வெளியில், நம் கானமயிலின் ஐரோப்பியச் சொந்தமான பெரும் பஸ்டர்ட். எல்லாமே தரையில் வாழ்கிறவை. ஒன்றுக்கும் மரம் தேவையில்லை. எதிரி தூரத்தில் வரும்போதே தெரிந்தால் போதும்.

*

இந்தப் பறவைகளை முதன்முதலில் நிதானமாகக் கவனித்து எழுதியவர்களில் ஒருவர் கில்பர்ட் வைட். ஹாம்ப்ஷயரில் செல்போர்ன் என்ற கிராமத்துப் பாதிரியார். 1789இல் வந்த அவருடைய கடிதத் தொகுப்பு இன்றுவரை அச்சில் இருக்கிறது. அத்தை ஒருவர் சசெக்ஸில் ரிங்மர் என்ற ஊரில் இருந்ததால், வருஷம் தவறாமல் என்று சொல்லுமளவு குதிரையேறி அந்தக் குன்றுகளைக் கடந்து போய்வந்தவர்.

கல்-கர்லூவைப் பற்றி அவர் எழுதியது இன்றைக்கும் பிழையில்லாதது. கூடே கட்டாமல் வெறுந்தரையில், பெரும்பாலும் இரண்டு முட்டை. குஞ்சு பொரித்த கொஞ்ச நேரத்தில் ஓடத் தொடங்கிவிடும். ஆபத்து என்றால் கற்களுக்கு நடுவே படுத்துவிடும். இறகின் நிறமும் கல்லின் நிறமும் ஒன்றாக இருப்பதால், குஞ்சின் கண் நம் கண்ணைச் சந்தித்தாலொழியக் கண்டுபிடிக்க முடியாது.

வீட்டியர் பொறிகளையும் அவர் பார்த்தார். அவரைக் குழப்பியது ஒரு கேள்வி. இடையர்கள் கூடை கூடையாகப் பிடிக்கிறார்கள். ஆனால் குன்றில் எந்த நேரத்திலும் மூன்று நாலு பறவைக்குமேல் சேர்ந்து பார்த்ததில்லையே? அவரே ஒரு விடைக்கு வந்தார். பறவைகள் நிற்காமல் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருக்கவேண்டும். இன்று வலசை என்று தெரிந்திருப்பதை அவர் குதிரைமேல் உட்கார்ந்தபடியே ஊகித்துவிட்டார். பென்னன்ட் சொன்ன 22,080இல் பெரும்பகுதி வடக்கிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போகும் வழியில் மாட்டியவையாகத்தான் இருக்கும்.

பிரைட்டன் பக்கத்துக் குன்றுகளில் பஸ்டர்ட் இருப்பதாகவும் வைட் எழுதியிருக்கிறார். பறக்கக்கூடிய பறவைகளிலேயே மிகக் கனமானவற்றுள் ஒன்று இது. சேவல் 16 கிலோவைத் தாண்டும். நாலு வயதுப் பிள்ளை ஒன்று இறக்கை விரித்துப் பறக்கிற மாதிரி. ஜார்ஜ் மான்டாகு என்ற பறவையியலாளர் பதிவுசெய்த சம்பவம் ஒன்று உண்டு. 1801 ஜூன் மாதம், விடிகாலை நாலு மணி. சாலிஸ்பரி சமவெளியில் டில்ஸ்ஹெட் கிராமத்துக்கு ஒருவர் குதிரையில் வந்துகொண்டிருக்கிறார். தலைக்குமேல் ஒரு பெரிய பறவை வட்டமடித்து, இறங்கி, குதிரையைத் தாக்குகிறது. அவர் இறங்கி அதோடு மல்லுக்கட்டிப் பிடித்துக் கொண்டுபோய் விற்றுவிட்டார். பக்கத்தில் குஞ்சு இருந்திருக்கலாம். அது ஏன் அப்படிச் செய்தது என்று அந்தக் காலத்தில் யாரும் அதிகம் யோசித்த மாதிரி தெரியவில்லை.

அதற்குப் பிறகு அந்தச் சமவெளியில் பஸ்டர்ட் அதிக நாள் இல்லை. துப்பாக்கி ஒரு காரணம். அரிதாக ஆக ஆக, ‘நம்ம கையிலும் ஒன்று இருக்கட்டும்’ என்று பாடம் பண்ணி வைக்க ஆசைப்பட்டவர்கள் இன்னொரு காரணம். நெப்போலியன் போர்க்காலத்தில் தானிய விலை ஏறியதும் பழைய புல்வெளிகளை உழுதார்கள். விதையை அள்ளி வீசிய காலம் போய் வரிசையில் விதைத்து, நடுவே களைக்கருவி ஓட்டும் முறை வந்ததும் பயிருக்குள் இருந்த முட்டைகள் உடைந்தன. 1832வாக்கில் இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் கடைசியாகக் குஞ்சு பொரித்தது. அதோடு பிரிட்டனில் அதன் கதை முடிந்தது. அது போய் நூறு வருஷத்துக்கு மேல் கழித்து, 1937இல், வில்ட்ஷயர் கவுன்டி தன் சின்னத்தில் அதே பறவையைப் பொறித்துக்கொண்டது.

*

வில்லியம் ஹென்றி ஹட்சன் என்ற எழுத்தாளர் இந்தக் கதைக்குள் வரும்போது பஸ்டர்ட் இல்லை, ஆனால் இடையர்கள் இருந்தார்கள். அர்ஜென்டினாவின் பாம்பாஸ் புல்வெளியில் பிறந்து, 1874இல் லண்டன் வந்தவர். பிரிட்டிஷ் பறவைப் பாதுகாப்புச் சங்கத்தை ஆரம்பத்தில் தூக்கி நிறுத்தியவர்களில் ஒருவர். 1900இல் சவுத் டவுன்ஸ் பற்றியும் 1910இல் வில்ட்ஷயர் இடையர் ஒருவரின் வாழ்க்கை பற்றியும் எழுதிய இரண்டு புத்தகங்கள் இந்த நிலத்தின் கடைசிக் குடும்பப் புகைப்படம் மாதிரி.

புகைப்படம் என்று சொன்னாலும் அது அழகான படம் இல்லை. பசியில் ஒரு ஆட்டைத் திருடியதற்கு ஒரு காலத்தில் தூக்குத் தண்டனை வரை போன நிலம் அது. 1830இல் கூலி குறைவும் கதிரடிக்கும் இயந்திரமும் சேர்ந்து வயிற்றில் அடிக்க, வில்ட்ஷயர் விவசாயத் தொழிலாளர்கள் இயந்திரங்களை உடைத்தார்கள். குதிரைப்படை வந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் குடும்பத்தைப் பிரிந்து ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்டார்கள். ஹட்சன் கிழவர்களின் வாயிலிருந்து இதையெல்லாம் கேட்டு எழுதினார். நாற்பது வகைப் பூவும் வானம்பாடியும் நிறைந்த அந்தப் புல், வாரக் கூலியில் வயிறு நிறையாத ஒருவர் மழையிலும் பனியிலும் நின்று மேய்த்த புல். வீட்டியர் விற்ற காசு அவருக்குக் கை நனைக்கும் உபரி இல்லை, குடும்பத்துக்குத் தேவையான காசு. இதை மறந்துவிட்டு ‘ஆகா, அந்தக் காலம்’ என்று பெருமூச்சு விடுவது நியாயமில்லை.

ஹட்சன் எழுதிய காலத்தில் வீட்டியர் பிடிப்பது கிட்டத்தட்ட முடிந்துபோயிருந்தது. பறவைகளைப் பாதுகாக்கச் சட்டங்கள் வந்திருந்தன. ஆட்டை விட்டுவிட்டுப் பொறியைப் பார்க்கிறார்கள் என்று பண்ணை முதலாளிகளுக்கும் கடுப்பு. சரி, இனி வீட்டியருக்கு நல்ல காலம்தானே?

ஹட்சனுக்கு இன்னொரு வருத்தம். 1897இலிருந்து ராணுவம் சாலிஸ்பரி சமவெளியில் நிலம் வாங்கிக்கொண்டே இருந்தது. கூடாரம், தகரக் கொட்டகை, காக்கிச் சட்டை அணிவகுப்பு, பீரங்கிச் சத்தம். தான் நேசித்த நிலம் கெட்டுப்போய்விட்டது என்று அவர் புலம்பியிருக்கிறார். அவரிடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன். அவர் எதை எதிரி என்று நினைத்தாரோ அதைப் பற்றிப் பிறகு பார்ப்போம்.

*

கிடையின் கணக்கை உடைத்தது செயற்கை உரம். மூட்டையில் சத்து வாங்கலாம் என்று ஆனபின், குன்றின் சத்தை ஆட்டு வயிற்றில் சுமந்து இறக்க வேண்டிய தேவை இல்லை. கிடை இல்லையென்றால் இடையரும் வேண்டாம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் விவசாயமே நொடித்துப்போனது. ஆட்டு மந்தைகள் சுருங்கின.

ஆனால் புல் உடனே உயரவில்லை. ஏனென்றால் ஆடு விட்ட இடத்தை முயல் பிடித்துக்கொண்டது. நார்மன்கள் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்து, இறைச்சிக்கும் தோலுக்கும் வேலி கட்டி வளர்த்த முயல், வேலி தாண்டிப் பெருகியிருந்தது. முயல் மேய்ந்தால் புல் இன்னும் குட்டை. வளை தோண்டினால் வீட்டியருக்கு வீடு, கிளறிய மண்ணில் கல்-கர்லூவுக்கு இடம். ஆக, ஆடு குறைந்தபிறகும் பறவைகள் பல இடங்களில் தாக்குப்பிடித்தன.

இதைச் சோதனை செய்தே காட்டியவர் ஆர்தர் டான்ஸ்லி. ‘எகோசிஸ்டம்’ என்று இன்று எல்லோர் வாயிலும் புழங்கும் சொல்லை 1935இல் முதன்முதலில் அச்சில் பயன்படுத்தியவர் அவர்தான். அதற்குப் பத்து வருஷம் முன்பே சீமைச்சுண்ணாம்புக் குன்றுகளின் தாவரங்களை ஆராய்ந்தபோது, முயல் நுழையாதபடி சில துண்டுகளுக்கு வேலி போட்டுப் பார்த்தார். வேலிக்குள் ஒன்றிரண்டு புல்வகைகள் உயர்ந்து எழுந்து, சின்னச் செடிகளை மூடிவிட்டன. வேலிக்கு வெளியே பழைய மெத்தை அப்படியே இருந்தது. பாதுகாப்பதற்காகப் போடும் வேலியே ஒரு நிலத்தை அழிக்கமுடியும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

பிறகு இரண்டு அடி அடுத்தடுத்து விழுந்தது. முதல் அடி போர். ஜெர்மன் நீர்மூழ்கிகள் உணவுக் கப்பல்களை மூழ்கடிக்கும் என்ற பயத்தில், பழைய புல்வெளியை உழுதால் ஏக்கருக்கு 2 பவுண்டு என்று 1939இல் அரசாங்கம் மானியம் அறிவித்தது. பசியோடு இருக்கும் நாட்டிடம் பூ வகையைப் பற்றி யார் பேசமுடியும்? உழுதார்கள். போர் முடிந்தும் மானியம் முடியவில்லை, உழவும் முடியவில்லை. போருக்குப் பிந்தைய பத்தாண்டுகளில் சுண்ணாம்புப் புல்வெளியில் ஐந்தில் நாலு பங்கு போய்விட்டது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

இரண்டாவது அடி, உழமுடியாத சரிவுகளில் மிஞ்சியிருந்த புல்மேல் விழுந்தது. 1953இல் மிக்ஸோமட்டோசிஸ் என்ற முயல் நோய் கென்ட் பகுதிக்கு வந்தது. பயிரை நாசம் பண்ணும் முயல் ஒழியட்டும் என்று விவசாயிகள் சிலர் நோய்ப்பட்ட முயலைத் தூக்கிக்கொண்டுபோய்ப் புது இடங்களில் விட்டார்கள். இரண்டே வருஷத்தில் நாட்டின் நூறு முயலில் தொண்ணூற்றைந்துக்கு மேல் செத்துவிட்டன.

குன்று அமைதியாக உயரத் தொடங்கியது. முதலில் முழங்கால் உயரப் புல். பிறகு ஹாத்தார்ன் முட்புதர். வீட்டியரும் கல்-கர்லூவும் அங்கே கூடு வைப்பதை நிறுத்தின. எந்தக் கையும் அவற்றை அடிக்கவில்லை. சுடவில்லை, பொறி வைக்கவில்லை. தரையை மட்டும் யாரும் மேய்க்கவில்லை.

இங்கே ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லவேண்டும். புதர் வந்ததும் பறவையே இல்லாமல் போகவில்லை. லினட், வைட்த்ரோட், யெல்லோஹாமர் வந்தன. அடர்ந்த புதரில் சில இடங்களில் நைட்டிங்கேல் பாடியது. புதர் மரமானபோது ராபினும் கரும்பறவையும் வந்தன. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் புதரில் பறவை வகை அதிகம். ஆனால் அவற்றில் பலவற்றுக்கு வேறு இடத்திலும் வேலியோரம், தோட்டம், தோப்பு என்று புகலிடம் இருந்தது. வெறுந்தரைப் பறவைகளுக்கு அந்தக் குன்றைவிட்டால் வேறு இடம் குறைவு.

*

சவுத் டவுன்ஸில் இப்படி ஆனபோது, சாலிஸ்பரி சமவெளியில் பீரங்கி வெடித்துக்கொண்டிருந்தது.

அந்தச் சமவெளியின் நடுவில் இம்பர் என்று ஒரு கிராமம். 1943 நவம்பர் 1ஆம் தேதி ஊர்மக்களைப் பள்ளிக்கூடத்தில் கூட்டி, டிசம்பர் 17க்குள் வீட்டைக் காலிசெய்யவேண்டும் என்றார்கள். 47 நாள் அவகாசம். அமெரிக்கப் படைகள் தெருச்சண்டை பழக ஊர் வேண்டும். சுமார் 150 பேர் கிளம்பினார்கள். ஊர்க் கொல்லர் தன் பட்டறைக்கல்லின்மேல் சாய்ந்து அழுதுகொண்டிருந்ததாகவும், சில வாரங்களில் இறந்துபோய், புதைப்பதற்காக மட்டும் ஊருக்குத் திரும்பிவந்ததாகவும் சொல்கிறார்கள். போர் முடிந்தால் திரும்பிவரலாம் என்று மக்கள் நம்பினார்கள். வரவிடவில்லை. இன்றும் ஊர் ராணுவத்தின் கையில்தான். தேவாலயம் மட்டும் வருஷத்தில் சில நாள் திறக்கும்.

அந்தப் பயிற்சி நிலத்தின் மொத்தப் பரப்பு சுமார் 38,000 ஹெக்டேர். வெடிக்காத குண்டு புதைந்த மண்ணை யாரும் உழமாட்டார்கள், உரம் போடமாட்டார்கள், வீடு கட்டமாட்டார்கள். விளைவு, வடமேற்கு ஐரோப்பாவில் மிஞ்சியிருக்கும் சுண்ணாம்புப் புல்வெளிகளிலேயே மிகப் பெரியது அங்கேதான் இருக்கிறது. வானம்பாடி கூட்டம் கூட்டமாக இருக்கிறது. தெற்கு இங்கிலாந்தின் தாழ்நிலங்களில் பெரும்பாலும் காணாமல்போன வின்சாட் அங்கே கூடு வைக்கிறது. கல்-கர்லூவும் இருக்கிறது. டாங்கி உழுத பள்ளங்களில் மழைநீர் தேங்கினால், ஃபேரி இறால் என்ற அரிய உயிர் பிறக்கிறது. ஒரு காலத்தில் மாட்டுக் குளம்பும் வண்டிச் சக்கரமும் செய்த வேலையை டாங்கிச் சங்கிலி செய்கிறது.

இதைப் படிக்கும்போது எனக்குச் சந்தோஷப்படுவதா என்று தெரியவில்லை. ராணுவம் இயற்கையைக் காப்பாற்றியது என்று தலைப்புப் போட ஆசை வரும். ஆனால் அந்தக் கொல்லரை நினைத்துக்கொண்டு அதை எழுதமுடியாது. ராணுவம் காப்பாற்ற நினைத்துக் காப்பாற்றவில்லை. இடையரும் அப்படித்தான். இரண்டு பேரும் தங்கள் வேலையைப் பார்த்தார்கள், தரை குட்டையாக இருந்தது, பறவை வந்தது.

*

இப்போது அந்தத் தரையைத் தெரிந்தே பராமரிக்க முயல்கிறார்கள். கல்-கர்லூ 1980களில் நாடு முழுக்க 170 ஜோடிக்கும் கீழே போனது. பறவைப் பாதுகாப்புச் சங்கத்தின் களப்பணியாளர்கள் வயல் வயலாகக் கூட்டைத் தேடிக் குறித்து, உழவருக்குச் சொல்ல, அவர் அந்த இடத்தைச் சுற்றி ஓட்டிப்போனார். அதோடு ஒன்றிரண்டு ஹெக்டேர் துண்டுகளைப் பயிர் வைக்காமல், வருஷா வருஷம் கிளறி, வெறுந்தரையாக விட்டார்கள். ஜோடிகள் 300ஐத் தாண்டின.

2004இல் ரஷ்யாவின் சராடோவ் பகுதியிலிருந்து பஸ்டர்ட் குஞ்சுகளைக் கொண்டுவந்து சாலிஸ்பரி சமவெளியில் விட்டார்கள். 2009இல் அங்கே குஞ்சு பொரித்தது. 1832க்குப் பிறகு பிரிட்டனில் முதல்முறை. பின்னர், மரபணு வகையில் பழைய பிரிட்டிஷ் பறவைகளுக்கு நெருக்கமானவை என்று ஸ்பெயினிலிருந்து முட்டைகள் கொண்டுவந்தார்கள். சவுத் டவுன்ஸ் சரிவுகளில் குளிர்காலத்தில் தன்னார்வலர்கள் புதர் வெட்டுகிறார்கள். மின்வேலிக்குள் ஆடுகள் திரும்பி வந்திருக்கின்றன. இந்தத் தடவை ஆட்டுக்கு மட்டுமில்லாமல் புல்லுக்காகவும் காசு கொடுக்கிறார்கள்.

ஆனால் எந்தக் குன்றைத் திரும்பக் கொண்டுவருவது? வைட் பார்த்ததா, ஹட்சன் பார்த்ததா, முயல் மேய்ந்ததா? வானம்பாடிக்காகப் புதரை வெட்டினால் அங்கே பாடும் நைட்டிங்கேலுக்கு என்ன பதில்? புதரை விட்டால் கல்-கர்லூவுக்கு? தொடாமல் விடுவதும் ஒரு முடிவுதான், அதுவும் யாரோ ஒருவரின் வீட்டைக் காலிசெய்கிறது. காட்டை வேலி போட்டுக் காப்பாற்றலாம் என்று பழகிய நமக்கு இது ஜீரணிக்கக் கஷ்டம். இந்தப் புல்வெளிக்கு மனிதக் கை வேண்டும். அந்தக் கைக்கு யார் கூலி கொடுப்பது என்பதுதான் முன்பும் கேள்வி, இப்போதும் கேள்வி. அன்று கூலியைக் குறைத்து இடையரின் வயிற்றில் அடித்து அந்தப் புல் வந்தது. இன்று வரிப்பணத்தில் வருகிறது. மானியம் நின்றால் ஐந்து வருஷத்தில் முட்புதர் தன் பதிலைச் சொல்லும்.

வானம்பாடிக்குக் கண்டுபிடித்த ஒரு சின்ன வழியோடு முடிக்கிறேன். கோதுமையை வசந்தத்தில் விதைத்த காலம் போய் இலையுதிர்காலத்திலேயே விதைப்பது பரவியதும், மே மாதத்துக்குள் பயிர் அடர்ந்து வளர்ந்துவிடும். வானம்பாடி முதல் ஈடு பொரித்தாலும், இரண்டாம் ஈட்டுக்கு இறங்க இடமில்லை. பாதிக்கும்மேல் எண்ணிக்கை குறைந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். அதற்கு ஒரு யோசனை செய்தார்கள். விதைக்கும்போது ஹெக்டேருக்கு இரண்டு இடத்தில், ஒரு சின்ன அறையின் அளவுக்கு, விதைக்காமல் விடவேண்டும். பெரிய செலவில்லை. டிராக்டர் ஓட்டுபவர் விதைக்கருவியைச் சில நொடி தூக்கிப் பிடித்து, மறுபடி இறக்கினால் போதும்.

குன்றின் அடிவாரத்தில் அக்டோபர் மாதம் ஒருவர் அப்படித் தூக்கி இறக்குகிறார். அவர் தாத்தாவின் தாத்தா அதே சரிவில் ‘டி’ வடிவத்தில் புல்லை வெட்டியவராகக்கூட இருக்கலாம். விதைக்காமல் விட்ட அந்தத் துண்டுக்கு அவருக்குக் கொஞ்சம் பணம் வரும். பறவை இருக்கும் இடத்தில் காசு வைக்கும் வழக்கம் இன்னும் போய்விடவில்லை. இப்போது அந்தக் காசு பறவையை எடுக்காமல் விட்டதற்கு.